ஞாயிறு தாண்டியும் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து, பாயை மடித்து வைத்து, டீயும் சுண்டலும் வருகிற நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். பிரசங்கியாரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தவை எல்லாம் அப்போது மெல்ல எட்டிப் பார்க்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துச் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் கேட்டு நான் கேள்விப்பட்டவைதான் இங்கே இருப்பவை. நான் குருவானவர் அல்ல, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிற ஆள், அவ்வளவுதான். அதனால் பதில்களைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடலாம்.

முழு மனதோடு கர்த்தருக்கு வாழ வேண்டுமென்றால் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். கன்வென்ஷன் கூட்டங்களில் கடைசி நாள் ராத்திரி "ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று கேட்டுக் கேட்டு, ஊழியத்துக்குப் போகிறவர் முதல் வகுப்பு, பேங்கில் வேலை பார்க்கிறவர் இரண்டாம் வகுப்பு என்று ஒரு நினைப்பு நமக்குள் படிந்து போயிருக்கிறது. லூக்கா 3-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆயக்காரர்கள் யோவான் ஸ்நானகனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ஊரே வெறுத்த வரி வசூல் வேலை அது. அதைக்கூட விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை, விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். போர்ச்சேவகரிடமும் ஆயுதத்தைக் கீழே போடு என்று சொல்லவில்லை, யாரையும் மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்கிறார். வேலை அதேதான், அதைச் செய்கிற விதம்தான் மாற வேண்டும்.

சிலரை எல்லாவற்றையும் விட்டு வரச்சொல்லி கர்த்தர் அழைப்பதும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஜேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கல்யாணம் செய்யாமல், கதர் உடுத்திக்கொண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தே வாழ்ந்தார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் அவர்களைக் கூப்பிடுவார்கள். அவர்களும் டாக்டர் வேலையை விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காலையில் ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை. ஐந்து மணிக்கு எழுந்தால் டிபன், டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன் என்று ஓடுகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை அநேகமாகப் பெண்கள்தான் கேட்கிறார்கள். அதே வீட்டில் இருக்கிற ஆண்களுக்குக் காலையில் வேதம் வாசிக்கவும், அப்புறம் பேப்பர் வாசிக்கவும் நேரம் கிடைக்கிறது. அதனால் முதல் பதில் வீட்டுக்காரருக்கு: இட்லியை நீங்கள் ஊற்றுங்கள், பிள்ளைகளுக்கு நீங்கள் தலை சீவி விடுங்கள், உங்கள் மனைவி அரை மணி நேரம் உட்காரட்டும்.

அது நடக்கிற வரைக்கும், நம் பாட்டிமார் செய்தது ஒன்று இருக்கிறது. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள், பிடியரிசிக் காணிக்கை. மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் 1910-ல் தொடங்கிய இந்த வழக்கம் இன்றைக்கும் நடக்கிறது, அந்த அரிசிக் காசு ஊழியத்துக்குப் போகிறது. நான் சொல்ல வந்தது காசைப் பற்றி அல்ல. அந்தப் பிடி அரிசியை எடுக்கிற நேரத்தில் ஒரு ஆளின் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாம். எதிர்வீட்டு ஆச்சிக்கு முட்டு வலி, சரி, இன்றைய பிடி அவர்களுக்கு. நாளைக்கு வேலை போன தம்பிக்கு. அரிசியைக் குக்கரில் போடுகிற வீட்டிலும் இது நடக்கும்.

வாசிப்புக்கு 119-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எட்டெட்டு வசனமாக 22 பகுதி. ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஒரு வருஷத்தில் முழு வேதமும் முடிக்கிற அட்டவணையை எடுத்துக்கொண்டு லேவியராகமத்தில் நின்றுபோய், குற்ற உணர்வில் வேதத்தையே மூடி வைப்பதைவிட இது மேல்.

கடை வைத்திருக்கிறேன். வியாபாரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இல்லாமல் பிழைக்க முடியுமா?

உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைப் பற்றிப் பேசுவோம். பதநீர் சீசன் சில மாதங்கள்தான், பனை ஏறுகிற ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள், விறகு விலை ஏறிவிட்டது. ஆனால் கருப்பட்டி வருஷம் முழுக்க, கேட்ட அளவுக்கு, மலிவாகவும் கிடைக்கிறது. எப்படி? சீனியைக் காய்ச்சிச் சேர்க்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. சீனி கலந்ததை உடைத்தால் உள்ளே பளபளவென்று மின்னும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கடைக்குள் போனால் கல்லாவுக்கு மேலே "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று சட்டம் போட்ட வசனம் தொங்கும். சர்க்கரை நோய்க்காரர் வீட்டுக்கும் அந்தக் கருப்பட்டி போகும்.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. அருவருப்பு என்ற அதே வார்த்தையை வேதம் விக்கிரக ஆராதனைக்கும் வைத்திருக்கிறது. நாம் மட்டும் ஒன்றைப் பாவம் என்றும் மற்றதை வியாபாரம் என்றும் பிரித்துக்கொண்டோம்.

பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள். லாபம் குறையும், இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. சீனி கலக்காத கருப்பட்டியை அதன் விலைக்கு விற்றால் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். கலந்ததை விற்றே ஆக வேண்டும் என்றால் கலந்தது என்று எழுதி வைத்து, அந்த விலைக்கு விற்கலாம், அதில் பொய் இல்லை. நேர்மையாக இருந்தால் கர்த்தர் இரண்டு மடங்காகத் தருவார் என்று மேடையில் சொல்கிறார்களே, அதை நான் சொல்ல மாட்டேன். இரண்டு மடங்கு வராவிட்டாலும் நேர்மையாக இருப்பது என்றால்தான் அதற்கு முழு மனது என்று பெயர், வரும் என்ற கணக்கில் செய்தால் அதுவும் ஒரு முதலீடுதான்.

அரசாங்க ஆபீஸில் காசு கொடுக்காமல் ஒன்றும் நடக்கவில்லை. கொடுப்பதும் பாவமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். எனக்கு உரிமை இல்லாததை வாங்கவோ, வரிசையில் இன்னொருவரைத் தள்ளிவிட்டு முன்னே போகவோ கொடுத்தால் அது சந்தேகமில்லாமல் பாவம். எனக்கு நியாயமாக வர வேண்டிய பட்டாவை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு மிரட்டிப் பிடுங்குகிறார்கள் என்றால் அங்கே நான் களவு கொடுத்தவன். சட்டம் அநேகமாக இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு, வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் கொடுத்தால் விலக்கு. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போக எல்லோருக்கும் தைரியம் வராது என்பது எனக்கும் தெரியும். குறைந்தபட்சம் அலையலாம். மூன்று தடவை அலைகிற அலைச்சலை மிச்சப்படுத்தக் கொடுத்த காசை நிர்ப்பந்தம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

அந்த மேஜைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் நம் சபை ஆளாக இருந்தால்? அவருக்கு லூக்கா 19-ல் வருகிற ஆயக்காரன் சகேயு இருக்கிறான். யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். ஆலயத்துக்கு மைக் செட் வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கையில் வருகிறதிலா?

எதிலிருந்து வேண்டுமானாலும் கொடுங்கள், இதற்காக யாரும் பரலோகத்தில் கால்குலேட்டரோடு நிற்கவில்லை. ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும்கூட தசமபாகம் அளந்து கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களைத்தான் மத்தேயு 23-ல் இயேசு காய்ச்சி எடுக்கிறார். கொடுத்ததைத் தப்பு என்று சொல்லவில்லை, விட்டதைத்தான் கேட்கிறார்.

ஆகவே நான் திருப்பிக் கேட்கிற கேள்வி இது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு எவ்வளவு சம்பளம்? கடைசியாக எப்போது ஏற்றினீர்கள்? அவர்கள் காய்ச்சலில் நாலு நாள் வரவில்லை என்றால் பிடிக்கிறீர்களா? தோட்டத்தில் தேங்காய் வெட்டினவர் கூலிக்கு நின்றால் "சில்லறை இல்லை, நாளைக்கு வாங்க" என்கிறோம். அவருக்கு நாளைக்கு என்பது இன்று ராத்திரி அரிசி இல்லை என்பது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் 19-ல் இருக்கிறது, நம்மில் பலர் வாசிக்காமல் தாண்டிப்போகும் அதே புத்தகத்தில்தான். இப்போது ஜிபே இருக்கிறது, சில்லறை இல்லை என்ற சாக்கும் போய்விட்டது.

சபையில் எல்லோரும் ஒன்றுதான் என்கிறோம். கல்யாணம் என்று வந்தால் மட்டும் சொந்தச் சாதியில் பார்ப்பது தப்பா? "பண்பாடு ஒத்துப்போகும்" என்பதற்காகத்தானே?

அசனத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிறோம், ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். பெண் பார்க்கும்போது மட்டும் விளம்பரத்தில் "மறுபடி பிறந்த, ஜெபிக்கிற" என்று போட்டு, அதற்கு முன்னாலேயே சாதிப் பெயரையும் போட்டுவிடுகிறோம். மறுபடியும் பிறந்தும் பழைய சாதியிலேயே எப்படிப் பிறந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் இருக்கவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கலகமே வந்தது. பலர் ஒன்றாக உட்கார மாட்டோம் என்று ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள். நாம் இன்றும் உருகி உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், அந்த நாட்களில் சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியவர். அவர் பாட்டைப் பாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் பாடுகிறேன். அவ்வளவு பக்தியும் அந்தப் பார்வையும் ஒரே ஆளுக்குள் குடியிருக்க முடிந்தது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் நமக்குள்ளும் இருக்கிறது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதியைப் பிரித்து நின்ற சுவர் ஊரறிந்த விஷயம். சுவர் கட்டாத சபைகள் அதை எளிதாகக் குறை சொல்லிவிடுகின்றன.

சரி, பண்பாடு. ஒரே சாதியில் கட்டிவைத்த எத்தனை பேர் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்பதில் தொடங்கிப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளை வேறு சாதியில் ஒரு நல்ல விசுவாசியை விரும்புகிறேன் என்று வந்து நிற்கிறாள் என்றால், உங்கள் முழு விசுவாசமும் சோதிக்கப்படுகிற நாள் அதுதான். அந்தத் தேர்வு கன்வென்ஷன் பந்தலில் நடப்பதில்லை, வீட்டு வரவேற்பறையில், பெரியப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்திருக்கும்போது நடக்கும்.

வரதட்சணை நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகப் பிரியப்பட்டுக் கொடுத்தால்?

1961-லிருந்து சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். மற்றபடி, "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், மூத்த மருமகளுக்கு நூறு பவுன் போட்டு வந்தார்கள், உங்கள் பிரியம்" என்று சொல்வது கேட்காமல் கேட்பது. மூன்று ஞாயிறு ஆலயத்தில் கல்யாண ஓலை வாசிக்கிறார்களே, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. பெண்ணின் தகப்பனார் வீட்டை அடமானம் வைத்தது எனக்குத் தெரியும் என்று எந்த ஞாயிறும் யாரும் எழுந்து சொன்னதில்லை. பெண் வீட்டாரின் கடன் பத்திரம் கையில் இருக்கும்போது ஆசீர்வாதப் பிரார்த்தனையை எந்த முகத்தோடு ஏறெடுப்பது?

கணவர் ஆலயத்துக்கே வருவதில்லை. நான் மட்டும் எப்படி?

பேசிப் பேசி ஒருவரைக் கொண்டுவர முடியாது. பேதுரு எழுதுகிறபோதே போதனை இல்லாமல் நடக்கையினால் என்றுதான் சொல்கிறார். சாப்பாட்டு மேஜையில் வசனம் குத்திக் காட்டுவது, பிள்ளைகளிடம் "அப்பாவுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று அவர் காதுபடச் சொல்வது இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். ஞாயிறு மத்தியானம் வரை சபையிலேயே இருந்துவிட்டு வந்து அவசரமாகச் சோறு போடுவதைவிட, மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவரோடு அவருக்குப் பிடித்த இடத்துக்குப் போய் வாருங்கள்.

ஆனால் ஒன்று. அடிக்கிறார் என்றால் இந்தப் பதில் உங்களுக்கானது அல்ல. அடியைப் பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பது என்று யாராவது சொன்னால், அது சேகரத்துக் குருவானவராகவே இருந்தாலும், கேட்காதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், ஜெபத்தை அங்கே இருந்து செய்யலாம்.

பக்கத்து வீட்டில் தீபாவளிப் பலகாரம் தருகிறார்கள், பொங்கல் தருகிறார்கள். சாப்பிடலாமா?

வாங்கிச் சாப்பிடுங்கள், அதிரசம் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள், கிறிஸ்மஸுக்கு நீங்கள் கேக்கும் முறுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். படைத்தது என்று மனசு உறுத்தினால் சாப்பிட வேண்டாம், 1 கொரிந்தியர் 8-ல் பவுல் அந்த உறுத்தலையும் மதிக்கிறார். ஆனால் கொடுத்தவர் முகத்துக்கு நேரே மறுத்து, வாசலில் நின்று உபதேசம் செய்து அனுப்பாதீர்கள். நம் வீட்டுக் கேக்கை அவர்கள் ஒருநாளும் அப்படித் திருப்பி அனுப்பியதில்லை.

எவ்வளவோ ஜெபித்தும் வியாதி சுகமாகவில்லை. என் விசுவாசம் போதவில்லையா?

இதைச் சொல்லி நோயாளிகளை நோகடிக்கிறவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் என்று சொன்ன வேதனைக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது எடுக்கப்படவில்லை. 88-ஆம் சங்கீதம் கடைசி வரியிலும் இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஸ்தோத்திரம்கூடச் சேர்க்காமல். அப்படி ஒரு ஜெபத்தைக் கர்த்தர் வேதத்துக்குள் வைத்திருக்கிறார் என்றால், உங்கள் புலம்பலும் அவருக்கு ஆகாதது அல்ல.

மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை, மூன்றும் எனக்கு ஒன்றுதான். ஐடா ஸ்கடர் திண்டிவனத்தில் தகப்பனார் வீட்டில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் தனித்தனியாக வந்து பிரசவ வேதனையில் இருக்கிற மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் டாக்டரான தகப்பனாரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை, விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி ஆஸ்பத்திரி. அவருக்கும் விசுவாசம் இருந்தது, அதனால்தான் அறுவை சிகிச்சைக் கத்தியைக் கையில் எடுத்தார்.

சபையில் யாராவது படுக்கையில் இருந்தால், போய் நீளமாக ஜெபித்துவிட்டு வராமல், துணைக்கு இருக்கிறவரை ஒரு ராத்திரி வீட்டுக்கு அனுப்பித் தூங்கவிட்டு, ஆஸ்பத்திரி பெஞ்சில் நீங்கள் இருங்கள்.

தினமும் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறேன். அது சாட்சிதானே?

காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு வசனம், எட்டு மணிக்குப் பிற மதத்தாரைப் பற்றிச் சரிபார்க்காத ஒரு வதந்தி, டயோசிஸ் (திருமண்டல) தேர்தல் நேரம் என்றால் எதிர் அணிக்காரரைப் பற்றி ஒரு ஆடியோ. மூன்றும் ஒரே நம்பரிலிருந்து. வாங்குகிறவர் எதை ஞாபகம் வைப்பார்? இந்தப் பழக்கத்தில் வசனம் அனுப்புவதை நிறுத்தினாலும் நஷ்டம் இல்லை, மற்ற இரண்டை நிறுத்தினால் லாபம்.

எனக்கு ஞாயிறு டியூட்டி. நர்ஸ் வேலை. ஆராதனையை விடுவது மனசை உறுத்துகிறது.

எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓடவில்லை, 400 மீட்டரில் ஓடித் தங்கம் வாங்கினார். வாலிபர் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் ஓட்டப்பந்தயத்தைத் தள்ளலாம், ஐசியூவில் இருக்கிறவருடைய மூச்சைத் திங்கட்கிழமைக்குத் தள்ள முடியாது. ஓய்வுநாளில் சுகமாக்கினதற்காகத்தான் இயேசுவையே குற்றம் பிடித்தார்கள். உறுத்தல் இல்லாமல் டியூட்டிக்குப் போங்கள். வாரநாளில் ஆராதனையோ ஐக்கியக் கூட்டமோ நடக்கிற சபை பக்கத்தில் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் உங்களைப் போல ஷிப்டில் இருக்கிற இரண்டு மூன்று பேர் சேர்ந்து செவ்வாய்க்கிழமை ஒருவர் அறையில் கூடலாம். திருவிருந்துக்கு வர முடியாமல் மாதக்கணக்கில் ஆகிறதென்றால் குருவானவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள், படுக்கையாக இருக்கிறவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் உங்களுக்கும் ஒரு வழி பார்ப்பார்.

ஞாயிறு லீவு உள்ள மற்றவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆராதனை முடிந்ததும் குடும்பத்தோடு பிரியாணிக் கடைக்குப் போகிறோம். அங்கே இலை எடுக்கிற பையனுக்கு ஞாயிறு என்பதே கிடையாது. அவனும் ஏதாவது ஒரு சபைப் பிள்ளையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தாமதமாக வந்தான் என்று அவனிடம் எரிந்து விழாமல், பெயரைக் கேட்டு, எழுந்து வரும்போது கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.